மிச்சச் சோறு எங்கே போகிறது? மலைநாட்டில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் சுற்றப் போகும் சொந்தக்காரர்கள் "எங்கே சாப்பிடலாம்?" என்று என்னிடம் கேட்பது வழக்கம். உணவுக் கழிவை உரமாக்கி, மற்றதைப் பிரித்துக் கொடுக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். முதலில் வருபவை சாதாரணக் கேள்விகள், போகப் போகக் கொஞ்சம் வம்பானவை.

சாப்பிடத்தானே போறோம், கடைக்காரர் குப்பைய என்ன செஞ்சா நமக்கென்ன?

மலையில் குப்பை போட்ட இடத்தில் கிடக்காது. பள்ளத்தில் கொட்டியதை மழை ஓடைக்கு இழுத்துப் போகும், ஓடை ஆற்றுக்குக் கொண்டுபோகும். நானுஓயா, அக்கர ஓயா, கொத்மலை ஓயா எல்லாம் கடைசியில் மகாவலியில்தான் சேருகின்றன. கண்டியின் கொஹாகொட குப்பைமேடு மகாவலிக் கரையிலேயே இருக்கிறது. அதிலிருந்து கசியும் அழுக்கு நீர் ஆற்றில் இறங்குவது பல வருடப் பிரச்சினை. மேலே இருப்பவர்கள் கொட்டியது கீழே இருப்பவர்களின் குடிநீரில் கலக்கிறது.

இலங்கையில் உள்ளூராட்சிச் சபைகள் அள்ளும் குப்பையில் பாதிக்கு மேல் மக்கக்கூடிய கழிவு. அதில் சாப்பாட்டுக் கழிவுதான் ஈரமும் பாரமும் கூடியது. காற்றுப் படாமல் அமுங்கி அழுகும்போது மீதேன் வாயு வருகிறது; நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது காபனீரொட்சைட்டை விடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். குப்பையை வகை பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு நாடு முழுக்க இறுகியது அதற்குப் பிறகுதான்.

"நாங்க உரம் போடுறோம்"னு சொல்லுற கடையில மிச்சச் சோறு உண்மையிலேயே எங்க போகுது?

பெரும்பாலும் மூன்று வழி. கடைக்குப் பின்னால் இடமிருந்தால் குழியிலோ பீப்பாயிலோ போட்டுக் கூட்டெரு ஆக்குவார்கள். இடமில்லாத டவுன் கடையில் சாயங்காலம் பன்றி வளர்ப்பவர் ஒருவர் வந்து வாளியோடு எடுத்துப் போவார். சில பெரிய ஹோட்டல்களிலும் மாடு வளர்க்கும் சில வீடுகளிலும் உயிர்வாயுத் தொட்டிக்குப் போகும். வரும் வாயுவில் அடுப்பு எரியும், தொட்டியில் மிஞ்சும் கூழ் தோட்டத்துக்கு உரம்.

அட்டைப்பெட்டி, போத்தல், தகரம் எல்லாம் பழைய சாமான் வாங்குபவருக்கு. இதில் கடைக்காரருக்குக் கொஞ்சம் காசும் வரும் என்பதால் அநேகமான கடைகள் ஒழுங்காகவே செய்கின்றன. காசு கொடுத்து வாங்க ஆள் தேடி வராதது ஈரக் கழிவுக்கும் அழுக்குப் பொலித்தீனுக்கும்தான். கடையைக் கணிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டையும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அப்ப கடைப் பேரச் சொல்லுங்களேன், நேரா அங்கேயே போறோம்.

பெயர்ப் பட்டியல் போட எனக்கு விருப்பமில்லை. சமையற்காரர் மாறினால் பழக்கம் மாறிவிடும். பன்றிக்காரர் வருவதை நிறுத்தினால் அதே கடை அடுத்த வாரம் பள்ளத்தில் கொட்டும். எந்த மாதிரிக் கடை என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

வெலிமடை, கந்தப்பளை, பண்டாரவளைப் பக்கம் சொந்த மரக்கறித் தோட்டத்தோடு இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் முதலில். அவர்களுக்கு உரம் தேவை, அதனால் யாரும் சொல்லாமலே கழிவைச் சேர்ப்பார்கள். அப்புறம் எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் வீட்டோடு சேர்த்துத் தங்குமிடம் நடத்துபவர்கள். பின்வளவில் நாலு பாத்தி கோவா, லீக்ஸ் இருந்தால் நல்ல அறிகுறி. என்னுடைய கணக்கு இதுதான்: உணவுக் கழிவு கடை வளவைத் தாண்டாத இடத்துக்கு முதல் இடம், ஆள் வந்து எடுத்துப் போகும் இடத்துக்கு இரண்டாவது. பலகை மட்டும் தொங்கும் இடத்துக்கு எனக்கு மரியாதை இல்லை.

இதையெல்லாம் கேட்டா முதலாளி கோவிச்சுக்க மாட்டாரா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "குப்பைய என்ன செய்றீங்க?" என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார் என்று நினைத்து முகம் மாறும். "அண்ணே, வீட்டுல உரத்துக்குப் பீப்பா ஒண்ணு வச்சிருக்கோம், நீங்க மிச்சச் சோத்த எப்படிப் போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறும் வரை பேசுவார்.

முன்கூட்டிப் போனில் பேசுவதென்றால் பத்துப் பேர் வருகிறோம், இன்ன நேரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரியாகக் கேளுங்கள். ஆட்கணக்கை முதலே சொல்வதே பெரிய உதவி. திடீரென்று வேன் வந்து நிற்கும் என்ற பயத்தில்தான் கடைகள் கூடுதலாகச் சமைத்து வைக்கின்றன, சீசன் காலத்தில் இன்னும் மோசம்.

கலர் கலரா வாளி வச்சிருக்காங்க. எதுல எதப் போடுறது?

பச்சை: சாப்பாட்டுக் கழிவு, இலை போன்ற மக்குபவை. நீலம்: கடதாசி, அட்டை. செம்மஞ்சள்: பிளாஸ்டிக், பொலித்தீன். சிவப்பு: கண்ணாடி. கபிலம்: உலோகம். சின்னக் கடைகளில் இரண்டே வாளிதான் இருக்கும், அதுவும் ஒரே நிறத்தில். பச்சை வாளிக்குள் டிசுவும் டொபித் தாளும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். ஒரு சம்பல் பக்கெட் தாள் உரக்குவியலுக்குள் போனால் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

உரம் போடுற கடையில ஈயும் நாத்தமும் இருக்குமே, கைப்பிள்ளையக் கூட்டிட்டுப் போகலாமா?

ஒழுங்காகப் போட்ட உரக்குவியல் நாறாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை, அல்லது மூடாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஈரக் கழிவு போட்டதும் மேலே காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை என்று ஏதாவது காய்ந்ததைக் கனமாகப் போட்டு மூட வேண்டும். தேநீர்க் கடைகளில் வண்டி வண்டியாகச் சேரும் தேயிலைச் சக்கையும் நன்றாக மக்கும். ஆனால் அது ஈரமானது, மூடியாகப் பயன்படாது.

உண்மையில் நாற்றமும் ஈயும் கூடுதலாக இருப்பது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி, சபை லொறி வரும் வரை மூன்று நாள் பின்கதவில் வைக்கும் கடைகளில்தான். கைப்பிள்ளையோடு போகிறவர்கள் உரக்குழியை விட்டுவிட்டு, சமையலறையிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, பரிமாறுபவர் கை கழுவுகிறாரா என்று பார்ப்பது நல்லது.

நுவரெலியாக் குளிர்ல சோறு மக்குமா? ப்ரிட்ஜ்ல வச்ச மாதிரித்தானே இருக்கும்?

நல்ல கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு, ஜனவரி, பெப்ரவரியில் சில விடியலில் உறைபனியும் விழும். ஆனாலும் குவியல் தன் சூட்டைத் தானே உண்டாக்கும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை போகும். அதற்குக் குவியல் ஒரு கன மீற்றர் அளவாவது இருக்க வேண்டும். சபைகள் கொடுக்கும் சின்னப் பீப்பாயில் அவ்வளவு சூடு தங்காது, அதனால் கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் ஆவது மேலே ஆறு மாதம் எடுக்கலாம்.

குளிரை விட மழைதான் இங்கே பெரிய எதிரி. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, பதுளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. கூரை போடாத குழியில் தண்ணீர் தேங்கினால் சத்தெல்லாம் கழுவிப் போய்விடும், முன்பு சொன்ன நாற்றமும் வரும். குழிக்கு மேல் ரெண்டு தகரம் போட்டிருக்கிற கடைக்காரருக்கு விஷயம் தெரியும் என்று நம்பலாம்.

கோழி எலும்பு, மீன் முள்ளு, கறிக் குழம்பு எல்லாம் உரத்துக்குப் போடலாமா?

மேலே சொன்ன பெரிய, சூடான குவியலில் நடுவில் புதைத்துப் போடலாம். சின்னப் பீப்பாயில் வேண்டாம். எலி வரும், நாய் கிளறும், தோட்டப்புறமாக இருந்தால் காட்டுப்பன்றி வரும். எலும்பு எப்படியும் லேசில் மக்காது, சல்லடையில் தனியாக நிற்கும். எண்ணெய் மிதக்கும் குழம்பை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். முட்டைக்கோதை நொறுக்கிப் போட்டால் நல்லது.

அதனால் மேசையில் எலும்பை ஒரு ஓரமாக, ஒரே தட்டில் சேர்த்து வைத்தால் கழுவுபவருக்கு வேலை பாதியாகும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம், லேசான வேலைதான்.

பன்றிக்குக் குடுக்கிறது மேலா, உரமாக்குறது மேலா?

பொதுவாக, மனிதர் சாப்பிட முடியாததை மிருகம் சாப்பிடுவது உரத்துக்குப் போவதை விட ஒரு படி மேல். ஆனால் 2024 கடைசியில் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய பிறகு இந்தப் பதிலில் ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது. அந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றி இறைச்சி கலந்த மிச்சச் சாப்பாட்டின் வழியாக ஒரு பட்டியிலிருந்து இன்னொரு பட்டிக்குப் போகும், போன இடத்தில் பன்றிகள் கூட்டமாகச் சாகும். விலங்குச் சுகாதார விதிப்படி மிச்சத்தை 90 பாகையில் குறைந்தது ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

காய்ச்சுகிறாரா என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். இறைச்சி சேராத சைவக் கடை மிச்சமென்றால் கவலை குறைவு.

பிள்ளைங்க பாதிய அப்படியே மிச்சம் வைக்குதுகள். நாங்களே தின்னு தீர்க்கிறதா?

வேண்டாம், வயிறு குப்பைத்தொட்டி இல்லை. மிச்சம் பெரும்பாலும் மேசைக்குத் தட்டு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. சோறு கறிக் கடையில் கேட்டால் சோறும் பருப்பும் திரும்பப் போடுவார்கள், அதனால் முதல் தடவை பாதிச் சோறு போடச் சொல்லுங்கள். கொத்து ரொட்டி ஒன்றை இரண்டு பிள்ளைகள் பகிரலாம், அது எப்போதும் பெரியவருக்கே கூடுதல்தான். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டுச் சோறு எடுப்பது அநேகமாக வீண். வெறும் தட்டொன்று கேட்டால் முகம் சுளிக்கும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் தேநீர்க் கடைகளில் ரோல்ஸ், வடை, கட்லட் எல்லாம் ஒரு தட்டில் வந்து மேசையில் உட்காரும், சாப்பிட்டதற்கு மட்டும் காசு. வீணாக்காத நல்ல முறைதான். ஆனால் பிள்ளை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால் அந்த முறையே கெட்டுவிடும். தட்டைப் பெரியவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுங்கள்.

மிச்சத்தப் பார்சல் கட்டினா லன்ச் ஷீட்தானே வருது? அது இன்னும் குப்பை இல்லையா?

ஆமாம். பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டம்பரிலேயே தடை செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, கப் வகைகளும், இடியப்பத் தட்டும் 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. தடை இருந்தாலும் கடையில் என்ன கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

வேனில் ரெண்டு சாப்பாட்டுப் பெட்டி போட்டுக்கொண்டு போவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. தயிர் வாங்கினால் மண்சட்டியில் வாங்குங்கள், சட்டி வீட்டில் பூக்கன்று வைக்க உதவும்.

வாழையிலைல சாப்பாடு போடுற கடைக்குப் போனா இந்தப் பிரச்சினையே இல்லையே?

இலை மக்கும், உண்மை. அந்த இலையோடு சுருட்டிப் போடும் சோற்றுக்கும் அதே கேள்விதான். இலையும் சோறும் பொலித்தீன் பைக்குள் கட்டப்பட்டு லொறியில் ஏறினால் இலை போட்டதில் லாபமில்லை. குளிர் கூடின இடங்களில் வாழை நன்றாக வருவதும் இல்லை, இலை கீழேயிருந்து வர வேண்டும். கழுவி வைக்கும் பீங்கான் தட்டில் ஒரு குறையும் இல்லை.

பெரிய ஹோட்டல்ல பச்சைச் சான்றிதழ் மாட்டியிருக்காங்க. பஃபேக்குப் போனா நல்லதுதானே?

சான்றிதழ் பொய் என்று சொல்லமாட்டேன். பெரிய ஹோட்டல்களில் கழிவுக்குத் தனி ஆள், நிறுத்துப் பார்க்கத் தராசு, உயிர்வாயுத் தொட்டி எல்லாம் இருக்கலாம். ஆனால் பஃபே என்பதே மிஞ்சும்படி சமைக்கும் முறை. கடைசி ஆள் வரும்போதும் தட்டுகள் நிரம்பியிருக்க வேண்டும். காசு கொடுத்தோம் என்று நாமும் குவித்து எடுக்கிறோம். ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி தொன். அதில் கால்வாசிக்கு மேல் உணவகங்கள் போன்ற இடங்களில், மிகப் பெரிய பங்கு வீடுகளில்.

மிஞ்சியதை அழகாக உரமாக்குவதை விட மிஞ்சாமல் சமைப்பது நல்லது. சொன்ன பிறகு சுடச்சுட ரொட்டி போட்டுத் தரும் ரோட்டோரக் கடை இந்த விஷயத்தில் பல நட்சத்திரங்களை முந்திவிடும். சுவரில் ஒன்றும் மாட்டியிருக்காது.

மிச்சத்தக் குரங்குக்கும் நாய்க்கும் போட்டா புண்ணியம்தானே?

மலையில் இது விபரீதம். ரோட்டோரத்தில் சோறு கிடைக்கும் என்று பழகிய குரங்கு அடுத்த வேனுக்குள் பாயும். நாய் கூடுகிற இடத்துக்குச் சிறுத்தை வரும். தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தைக்கு நாய் லேசான இரை. குப்பை கிளறக் காட்டுப்பன்றி வந்தால் அதைப் பிடிக்கக் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கண்ணியில் சிறுத்தை மாட்டுவது மலைநாட்டில் அடிக்கடி நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கண்ணியில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தையைப் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் அங்கே திரியும் மரை மான்களுக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. அங்கே வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அதனால் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள். சிவனொளிபாதமலைப் பருவத்திலும், அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, மேலே கொண்டு போனதைக் கீழே கொண்டு வருவது ஒன்றுதான் வழி.

கடைக்காரர் பிரிச்சுப் போட்டாலும் சபை ட்ரக்டர் ஒண்ணாத்தானே அள்ளிட்டுப் போகுது?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சில சபைகள் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு நாள் வைத்திருக்கின்றன. அந்த நாள் தவறினால் எல்லாம் கலந்துவிடும். கழிவு வளவைத் தாண்டாத கடைக்கு முதல் இடம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஈரக் கழிவு ட்ரக்டரில் ஏறவே ஏறாவிட்டால் மிச்சம் ஏறுவது காய்ந்த சாமான்தான். அது கலந்தாலும் பிறகு பிரிக்க முடியும். சோற்றில் ஊறிய அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள்.

2021ல சேதனப் பசளைன்னு சொல்லி எங்க மரக்கறியெல்லாம் அழிஞ்சிச்சே, மறந்துட்டீங்களா?

யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். இடையில் தேயிலையும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பட்ட பாடு வெலிமடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் இங்கே கூட்டெரு என்றாலே சிலருக்கு முகம் சுருங்குகிறது, நியாயம்தான்.

கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, இரண்டு அளவுதான் இருக்கும், யூரியாவில் 46. ஒரு ஏக்கர் உருளைக்கிழங்கை ஒரே இரவில் இதற்கு மாற்ற முடியாது. கடைப் பின்வளவில் நாலு பாத்திக்கு மண் பொலபொலப்பாக, ஈரம் பிடித்து நிற்கக் கூட்டெரு போடுவது வேறு வேலை. அந்தக் கொள்கையின் கோபத்தைச் சோற்று வாளி மேல் காட்ட வேண்டாம்.

நாங்க லயத்துல இருக்கோம், கடைக்குப் போறதே தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். இது வசதி உள்ளவங்களுக்கான பேச்சு இல்லையா?

கடையைத் தேர்ந்தெடுப்பது வசதியுள்ளவர் பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். அதே நேரம், லயத்துக் காணியில் மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் மரக்கறித் தோலும் போட்டு போஞ்சியும் கீரையும் எடுத்தவர்கள் இந்த வேலையை எந்த ஹோட்டலுக்கும் முன்பே செய்தவர்கள். வருடத்தில் இரண்டு தரம் போகும்போது பாதிச் சோறு கேட்பதற்கும் வெறும் தட்டுக் கேட்பதற்கும் காசு கூடாது, குறையத்தான் செய்யும்.

கடையில உரம் வித்தா வாங்கிட்டு வரலாமா? நல்லதா கெட்டதான்னு எப்படிப் பார்க்கிறது?

கையில் எடுத்துப் பாருங்கள். கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். சோறோ தோலோ அடையாளம் தெரியக் கூடாது, சூடு இருக்கக் கூடாது. புளித்த வாசம் வந்தால் இன்னும் ஆகவில்லை, ஒரு மாதம் மூடி வைத்துவிட்டுப் பாவியுங்கள். பொலித்தீன் துண்டு கண்ணில் பட்டால் வாங்க வேண்டாம். மிளகாய்க் கன்றுக்கு ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் சரியாக இருக்கும். வேனில் கொண்டுவருவதென்றால் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிப் பின்னால் போடுங்கள். ரம்பொடை வளைவுகளில் சாக்கு உருளும்.